பதிவாகாத பத்திரம்

ஆஷ்டேல் தேயிலைத் தோட்டத்தின் ஆலை நின்று ஒன்பது வாரமாகிவிட்டது. பத்தாவது வாரத்துத் திங்கட்கிழமை காலையில், ஈப்போவிலிருந்து ஒரு வெள்ளைக் கார் பனிக்குள் ஏறி வந்து ஆலை வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கிய லிங்கேஸ்வரனுக்கு முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. கம்பெனியை மூடிவிட்டு, இருப்பதை விற்றுப் பங்கிடும்படி நீதிமன்றம் நியமித்த லிக்குவிடேட்டரின் அலுவலகத்திலிருந்து வந்திருந்தார்.

லயத்தில் குடியிருக்கும் ஆட்கள் நாற்பது பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆர்தர் மட்டும் கொஞ்சம் தள்ளி, கொழுந்து வாட்டும் கொட்டகையின் தூணருகே நின்றார். முப்பத்தெட்டு வருஷம் அந்த ஆலையின் ஃபிட்டராக இருந்தவர். கக்கத்தில் ஒரு நீல ஃபைல். அது இருக்கும்வரை அந்தக் கூட்டத்தில் முட்டிமோதத் தனக்கு அவசியமில்லை என்று நினைத்துக்கொண்டார். அவர்களைப் பார்க்கையில் அவருக்கு உண்மையாகவே இரக்கமாக இருந்தது.

கூட்டத்தின் முன்னால் நின்றவள் வேலாயி. இருபது வருஷமாகக் கொழுந்து எடுப்பவள். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"தம்பி, எங்களுக்கு மூணு மாசச் சம்பளம் நிக்குது. பேங்குக்குக் குடுத்தது போகத்தான் எங்களுக்கா?"

"பேங்க் வரிசையிலயே நிக்கலம்மா," என்றார் லிங்கேஸ்வரன். "நிலத்த எழுதி வாங்கித்தான் கடன் குடுத்திருக்காங்க. கம்பெனி முழுகினாலும் அந்த நிலம் அவங்க கையிலதான். தோட்டம், ஆலைக் கட்டடம், தரையில போல்ட் போட்டு இறுக்கின மெஷினு, நீங்க குடியிருக்கிற லயம், எல்லாம் நிலத்தோட சேர்த்தி. அதுல நான் கை வைக்க முடியாது. மிச்சம் என்ன இருக்கோ அதத்தான் நான் வித்து உங்களுக்குக் குடுக்கணும்."

"மிச்சம் என்னா இருக்கு?"

"பாக்கணும்மா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

மிச்சம் என்ன இருக்கிறது என்பது ஆர்தருக்குத் தெரியும். கிடங்கில் கொஞ்சம் தேயிலை மூட்டை, தேய்ந்த டயரோடு ஒரு லாரி, அப்புறம் நிறம் பிரிக்கும் மெஷின். காம்பு வேறு, இலை வேறாகக் கேமரா வைத்துப் பார்த்துக் காற்றால் ஊதிப் பிரிக்கிற மெஷின் அது. தரையில் போல்ட் போட்டதல்ல. நான்கு கால்களில் தன்பாட்டுக்கு நிற்பது. அந்த மெஷின் மிச்சத்தில் சேராது என்பதும் ஆர்தருக்குத் தெரியும். அது அவர் பணத்தில் வாங்கியது.

தோட்டத்துச் சொந்தக்காரரான பெரிய துரை செத்து, மகன் ராய்ஸ்டன் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்த காலம். காம்பு பொறுக்க ஆள் கிடைக்கவில்லை. வங்காளதேசத்து ஆட்களில் பலரும் திரிங்காப் பக்கமிருந்த பூந்தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். காம்பு கலந்த தூளை வாங்குவோரும் குறைந்தார்கள். மெஷின் ஒன்று வந்தால் ஆலை பிழைக்கும் என்று ஆர்தர் நம்பினார். வங்கி மேற்கொண்டு தர மறுத்தது. அப்போதுதான் ஆர்தருக்கு அறுபது வயது முடிந்து சேமநிதி கைக்கு வந்திருந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் மலேசிய வெள்ளியை எடுத்து ராய்ஸ்டனிடம் நீட்டினார்.

"சும்மா குடுக்காதீங்க," என்று அன்றே சொன்னவள் அவர் மனைவி டோரீன். "புள்ளையிலேர்ந்து பாத்த பையன்தான். இருந்தாலும் எழுதி வாங்குங்க."

எழுதி வாங்கினார். ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் போய், கடன் அடையும்வரை மெஷின் தன்னிடம் அடமானம் என்று பத்திரம் எழுதி, முத்திரை வில்லை ஒட்டினார்கள். ராய்ஸ்டன் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்தினான். வெளியே காத்திருந்த டோரீனையும் சேர்த்து அன்றைக்கு மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து கோழிச்சோறு சாப்பிட்டுவிட்டு மலை ஏறினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஆர்தர் அலுவலக அறைக்குள் போய் நீல ஃபைலை லிங்கேஸ்வரனின் மேசையில் வைத்தார்.

"தம்பி, நானும் பேங்கு மாதிரிதான். வரிசையில இல்ல."

லிங்கேஸ்வரன் பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவசரமில்லாமல் படித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பின்புறமும் பார்த்தார்.

"இதுக்குப் பதிவுச் சான்றிதழ் ஒண்ணு வந்திருக்கணுமே அங்கிள்?"

"எல்லாம் அதுலயே இருக்கு."

"சரி. நான் தேடிப் பாத்துட்டுச் சொல்றேன். ஒரிஜினல் உங்ககிட்டயே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆர்தர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டி, உட்கார்ந்தார். லிங்கேஸ்வரன் அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார்.

"அங்கிள், பத்திரம் நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா ஒரு கம்பெனி தன் பொருள அடமானம் வச்சா, முப்பது நாளைக்குள்ள அத கம்பெனிப் பதிவகத்துல பதியணும். இத யாரும் பதியல."

"அது யார் வேல?"

"கம்பெனி வேல. கம்பெனிச் செயலாளர் பண்ணியிருக்கணும். நீங்களும் பண்ணியிருக்கலாம். சட்டம் விட்டிருக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஃபிட்டர்."

லிங்கேஸ்வரன் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இப்பப் பதிஞ்சா என்ன? பேப்பர் இருக்கு, கையெழுத்து இருக்கு. அவன் போடலன்னு சொல்லுவானா?"

"கம்பெனி மூட ஆர்டர் வந்துருச்சு அங்கிள். இனிமே பதிய முடியாது. கோர்ட்டுல டைம் கேட்டுப் பாக்கலாம். ஆனா இந்த நிலமைக்கப்புறம் குடுக்கறது ரொம்ப அபூர்வம். லோயருக்குக் கட்டற காசுதான் போகும்."

"அப்ப என் காசு?"

"கடன் கடன்தான். அது இல்லன்னு யாரும் சொல்லல. மெஷின் மேல இருந்த பிடிதான் போச்சு. பதியாத அடமானம் என்கிட்டச் செல்லாது. மெஷின் பொதுவுல சேந்துரும். வித்த காசுல எங்க செலவு போக, முதல்ல தொழிலாளிங்க சம்பளம். அதுக்கப்புறந்தான் மத்தவங்க. அந்த மத்தவங்கள்ல நீங்களும் ஒருத்தர்."

"மத்தவங்களுக்கு எவ்வளவு வரும்?"

லிங்கேஸ்வரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வராது அங்கிள்," என்றார்.

ஆர்தர் தேநீரைக் குடித்து முடித்தார். குடிக்காமல் எழுந்தால் அந்தப் பையன் மனசு சங்கடப்படும் என்று தோன்றியது. வாசலில் மோட்டார் கிளம்ப மறுத்தது. மூன்று தரம் உதைத்த பிறகு, பெட்ரோல் குழாயைத் திறக்காமலே உதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்.

வீட்டில் டோரீன் பெட்டிகளில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டாஃப் குவார்ட்டர்சும் நிலத்தோடு சேர்த்தி. மார்ச் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லி வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மெஷின் பணத்தை நம்பி, கம்போங் ராஜா ஊரில் ஒரு வரிசை வீட்டை அவள் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"என்னா சொன்னாரு?"

"இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க."

"அந்த வீட்டுக்காரன் இன்னைக்கும் போன் பண்ணான். மாசக் கடைசி வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன்."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. முப்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் டோரீனிடம் ஆர்தர் மறைத்த விஷயங்கள் மிகக் குறைவு. இதை மறைப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் போதும்.

மறுநாள் ராய்ஸ்டன் வந்தான். டோரீன் தானா ராத்தாவுக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள். எப்போதும் பளபளக்கிற நான்கு சக்கர வண்டியில் வருகிறவன், யாரோ ஒருவரின் பழைய வேனில் வந்திறங்கினான். ஷேவ் பண்ணாத முகம். உள்ளே வந்து, உட்காரச் சொல்லும்வரை நின்றான்.

"அங்கிள், லிங்கேஸ்வரன் சொன்னாரு."

ஆர்தர் மேசையிலிருந்த நீல ஃபைலை ஓரமாக நகர்த்தினார்.

"செயலாளருக்கு ஒரு வருஷ பீஸ் பாக்கி வச்சிருந்தேன். அவங்க எந்த வேலயும் பண்ண மாட்டோம்னு நிறுத்திட்டாங்க. கட்டிரலாம், கட்டிரலாம்னு இருந்தேன். பத்திரத்தோட நகல் அவங்க மேசையிலயே கெடந்திருக்கு. எனக்கு அது ஞாபகமே இல்ல அங்கிள். சத்தியமா."

"எவ்வளவு பாக்கி?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்."

ஆர்தர் சிரித்தார். சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

ராய்ஸ்டன் சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தான். கம்பெனி லெட்டர்ஹெட். கடனுக்கு ஈடாக நிறம் பிரிக்கும் மெஷினை ஆர்தருக்கே விற்றுவிட்டதாகவும், இடமில்லாததால் அது ஆலையிலேயே நிற்பதாகவும் எழுதியிருந்தது. தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது.

"வித்த பொருள் கம்பெனிப் பொருளே இல்ல அங்கிள். பதியவும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவங்க தொட முடியாது."

"இத எப்ப எழுதின?"

"நேத்து."

மழை விட்டிருந்தது. எதிர் லயத்திலிருந்து யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"என்னால முடிஞ்சது இது ஒண்ணுதான்," என்றான் ராய்ஸ்டன். "எனக்கு இதுல ஒரு சென் காசு வேணாம்."

அவன் போன பிறகும் அந்தக் காகிதம் மேசைமேலேயே கிடந்தது. டோரீன் வரும் சத்தம் கேட்டதும் ஆர்தர் அதை மடித்துத் தன் தோள்பைக்குள் வைத்தார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பணம் கொடுத்தது பொய் இல்லையே. இரண்டாயிரம் வெள்ளிக்காக ஒருவன் மறந்த மறதியால் தன் முப்பத்தெட்டு வருஷம் காற்றில் போகலாம் என்றால், ஒரு தேதியை மாற்றுவது என்ன பெரிய பாவம்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இந்த வாதத்தையே திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். பாட்டுக்கு எழுந்து நிற்கக்கூட டோரீன் அவர் முழங்கையை இடிக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பையோடு ஆலைக்குப் போனார். வாசலில் நீண்ட வரிசை. சம்பளப் பாக்கியைக் கோரி ஆளுக்கொரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று லிங்கேஸ்வரன் சொல்லியிருந்தார். அந்தப் பாரம் மலாய் மொழியில் இருந்தது. பாதிப் பேருக்கு எழுத வராது. ஆர்தரைக் கண்டதும் லிங்கேஸ்வரன் முகம் மலர்ந்தது.

"அங்கிள், கொஞ்சம் எழுதிக் குடுங்கலா. இவங்க பேரு, வேலக்கிச் சேந்த வருஷம் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

மறுக்க முடியவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். ராமையா, சேர்ந்தது தொண்ணூற்று நாலு. கந்தசாமி, தொண்ணூற்று ஒன்பது. இரண்டு வங்காளதேசத்து ஆட்களுக்குக் கடவுச்சீட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டி எழுதினார். பதினோராவது ஆளாக வேலாயி வந்து அவரெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்தக் கேமரா மெஷின வித்தா எங்க சம்பளம் வந்துருமாம்ல? தம்பி சொல்லுச்சு. அது மட்டும் இல்லன்னா ஒரு மாசச் சம்பளங்கூடத் தேறாதாம்."

"அப்படியா சொன்னாரு?"

"ஆமாண்ணே. நீங்கதான் அந்த மெஷின் வரணும்னு துரை மகன்கிட்ட ஒத்தக்கால்ல நின்னீங்களாம். நல்ல வேல பண்ணீங்க."

அது யார் காசு என்பது அவளுக்குத் தெரியாது. ஆர்தரும் டோரீனும் அதை லயத்தில் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆர்தர் அவள் அடையாள அட்டை எண்ணை எழுதினார். ஒரு எண்ணைத் தப்பாக எழுதி, அடித்துவிட்டு, வேறு பாரம் எடுத்து முதலிலிருந்து எழுதினார். அவள் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள்.

அன்று அவர் காகிதத்தைக் கொடுக்கவில்லை. மனம் மாறிவிட்டது என்று சொன்னால் அது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகும். கூட்டமாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை ஆளில்லாத நேரம் பார்த்துப் போய்க் கொடுத்தார்.

லிங்கேஸ்வரன் அதை ஒருமுறை படித்தார். எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்து வந்து, பக்கங்களைத் தள்ளி, ஒரு தாளை ஆர்தர் பக்கம் திருப்பிவைத்தார். போன வருஷம் ஆகஸ்டில் காப்புறுதிக்காக எடுத்த ஆலைச் சாமான் கணக்கு. ஏழாவது வரியில் நிறம் பிரிக்கும் மெஷின். எதிரே, உரிமையாளர்: கம்பெனி. பட்டியல் முழுவதும் ஆர்தரின் கையெழுத்து. கீழே அவர் ஒப்பமும் இருந்தது.

ஆர்தர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். 'மெஷின்' என்ற சொல்லை அவர் எப்போதும் எழுதுகிற மாதிரி, கடைசி எழுத்தைக் கீழே இழுத்து எழுதியிருந்தார்.

"அங்கிள், இத நீங்க குடுத்தீங்கன்னு நான் ஃபைல்ல போட்டா, அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு என் கையில இல்ல. ராய்ஸ்டனையும் விட மாட்டாங்க, உங்களையும் விட மாட்டாங்க."

காகிதத்தை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து, ஆர்தரின் தோள்பைமேல் வைத்தார்.

"நான் இத பாக்கல. நீங்களும் கொண்டு வரல."

ஆர்தருக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, அவர் காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னொண்ணு கேக்கணும்," என்றார் லிங்கேஸ்வரன் தரையைப் பார்த்தபடி. "வியாழக்கிழமை பேராக்கிலேர்ந்து ஒரு பார்ட்டி மெஷின பாக்க வராங்க. ஓட்டிக் காட்டணும். ஓடாத மெஷினுக்கு இரும்பு வெலதான் தருவாங்க. உங்கள விட்டா ஓட்ட ஆளில்ல. மாட்டேன்னா எனக்குப் புரியும்."

வியாழக்கிழமை ஆர்தர் போனார். ஏன் போனார் என்று பிற்பாடு டோரீன் கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. காலையிலேயே போய்க் கேமராக் கண்ணாடிகளைத் துடைத்து, காற்றுக்குழாய்களைச் சுத்தம் பண்ணி, மிச்சமிருந்த தூளில் ஒரு மூட்டையைக் கொட்டினார். மெஷின் இரண்டு மாத உறக்கத்துக்குப் பிறகு ஒரு நடுக்கம் நடுங்கி, பிறகு சீராக ஓடியது. ஒரு வாயில் கறுப்பு இலையும் இன்னொரு வாயில் பழுப்புக் காம்பும் விழுந்தன. வந்தவர்கள் ஒரு பிடி இலையை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஒரு காம்பு இல்லை. தொண்ணூற்றைந்தாயிரத்துக்குப் பேசி முடித்தார்கள்.

லாரியில் ஏற்றுகையில் ராமையாவும் மற்ற ஆண்களும் தோள் கொடுத்தார்கள். "மெல்ல, மெல்ல, அந்தப் பக்கம் கண்ணாடி," என்று ஆர்தர் கத்திக்கொண்டே இருந்தார். லாரி வளைவில் மறைந்ததும்தான், இனிமேல் கத்த வேண்டிய அவசியம் தனக்கு இல்லை என்பது புத்திக்கு எட்டியது.

அன்றைக்கு மாலையே டோரீனிடம் சொன்னார். மெஷின் போய்விட்டது, அடமானம் செல்லவில்லை, பணம் வராது, கம்போங் ராஜா வீடு இல்லை. அவள் அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். அழவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"பதியணும்னு அந்த லோயர் ஒரு வார்த்த சொல்லலயா?"

"கம்பெனி பாத்துக்கும்னாரு."

"சரி," என்றாள். "நாமளும் முழுசாக் கேக்கல. ரெண்டு பேருந்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் இவ்வளவு நிதானமாக எடுத்துக்கொண்டதில் ஆர்தருக்கு நெஞ்சு இளகிவிட்டது. எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட வேண்டும்போலிருந்தது. ராய்ஸ்டன் வந்ததையும், காகிதத்தையும், லிங்கேஸ்வரன் அதைத் திருப்பிக் கொடுத்ததையும் சொன்னார். நான் சும்மா விட்டுவிடவில்லை, முயற்சி பண்ணிப் பார்த்தேன் என்பதுபோலச் சொன்னார்.

டோரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எப்பக் குடுத்தீங்க?"

"செவ்வாக்கெழம."

"திங்கக்கெழமதான நீங்க எல்லாருக்கும் பாரம் எழுதிக் குடுத்தீங்க? வேலாயி வந்து சொன்னாளே, அண்ணன்தான் எழுதிக் குடுத்தாருன்னு."

"ஆமா."

"அப்ப அது பையிலதான் இருந்துச்சு."

ஆர்தர் மூலையில் கிடந்த தோள்பையைப் பார்த்தார்.

"அவ சம்பளம் இவ்வளவுன்னு உங்க கையாலயே எழுதி, அவ கைநாட்டும் வாங்கிட்டு, அது வராமப் பண்ற காயிதத்த மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க." அவள் குரல் உயரவில்லை. "பணம் போனது போகட்டும். திருடப் போறவன்கூட அவங்க வீட்டுல ஒக்காந்து பேரு கேட்டு எழுத மாட்டான்லா."

"அது என் காசு டோரீன்."

"நம்ம காசு," என்றாள். "தெரியும்."

மார்ச் கடைசி வாரம் சம்பளம் வந்தது. மூன்று மாதப் பாக்கியில் ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்கே லயத்தில் ஆட்டுக்கறி வாசம் வந்தது. ஆர்தரும் டோரீனும் சுங்கை சிப்புட்டில் மகள் நிக்கோல் வீட்டுப் பின்னறைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. சாமான் ஏற்றுகிற நேரத்தில் வேலாயி வந்தாள். கையில் ஒரு பொட்டலம் பலகாரம்.

"அண்ணே, நீங்க மெஷின ஓட்டிக் காட்டலன்னா அது அந்த வெலக்கிப் போயிருக்காதாம். தம்பி சொல்லுச்சு. உங்கள நாங்க மறக்க மாட்டோம்."

ஆர்தர் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். அதைக் கீழே வைக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். டோரீன்தான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். வேலாயி பிரிவுக்காக அழுதாள். டோரீன் எதற்காக அழுதாள் என்பது ஆர்தருக்குத் தெரிந்திருந்தது.

சுங்கை சிப்புட்டில் ஆர்தருக்கு ஒரு சலவை மெஷின் பழுதுபார்க்கும் கடையில் வேலை கிடைத்தது. டோரீன் அவருக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு அவர் பக்கத்தில் நடந்து வந்தாள். தேவையானதெல்லாம் பேசினாள். அதற்குமேல் பேசவில்லை. ஜூலையில் லிக்குவிடேட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: அடமானப் பிடியில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு இல்லை. ஆர்தர் படித்துவிட்டு அவளிடம் நீட்டினார். அவளும் படித்துவிட்டு மின்சாரப் பில்களோடு சேர்த்து வைத்தாள்.

வேலாயி மாதம் ஒருதரம் போன் பண்ணுவாள். திரிங்காப்பில் ஒரு பூந்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் டோரீன் பேசிக்கொண்டிருக்க, ஆர்தர் எதிரே உட்கார்ந்து நிக்கோலின் மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். போனிலிருந்து வேலாயியின் குரல் அவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணன் இருக்கா? ஒரு வார்த்த பேசணும்."

ஆர்தர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். டோரீன் அவரை நேராகப் பார்த்தாள்.

"அவரு இல்லலா வேலாயி," என்றாள். "வெளிய போயிருக்காரு."

ஆர்தர் மறுபடியும் திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.